விழுங்கிய தும்மல்

அத்தியாயம் 14

மூக்கைச் சிந்தக் கூடாது என்று ஒரு மனுஷிக்கு உத்தரவு போடுவது சுலபம். அந்த மனுஷி புருல்சாவாக இருந்தால், அதை நடத்திக் காட்டுவதற்குள் மருமகளின் பாதி ஆயுசு போய்விடும். சைரகுல்லுக்குப் பன்னிரண்டே நாளில் போயிருந்தது.

புருல்சாவுக்கு ஓரப் பார்வை மங்கியதும், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு "நிலையை யாரோ நகர்த்தி வெச்சிருக்காங்க" என்று வீட்டாரைத் திட்டியதும் பழைய கதை. பிஷ்கெக்கில் படம் எடுத்துப் பார்த்தபோது மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், ஒரு கட்டி இருந்தது. டாக்டர் நஸிரா மூக்கு வழியாகவே போய் அதை எடுத்தார். எடுக்கிற நேரத்தில் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கசிந்தது. வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து ஓட்டையை அடைத்து, மூக்கின் உட்தோலையே திருப்பி மேலே போர்த்தி ஒட்டுப் போட்டார். ஒட்டு பிடிக்கும்வரை உள்ளே அழுத்தம் ஏறக் கூடாது என்று முதுகில் மெல்லிய குழாய் வைத்து நாலு நாள் அந்த நீரை வடித்தார்கள். அப்புறம் ஒரு காகிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டது சைரகுல். மகன்கள் இரண்டு பேர் இருந்தும் ஆஸ்பத்திரியில் கூட இருந்தது அவள்தான். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, மூன்று தலையணை வைத்துத்தான் படுக்க வேண்டும். தும்மல் வந்தால் வாயை அகலத் திறந்து தும்ம வேண்டும். அடக்கினால் அந்த வேகம் மேலே போய் ஒட்டில் இடிக்கும். மூக்கில் தண்ணீர் மாதிரி எது வழிந்தாலும், தொண்டையில் உப்புக் கரித்தாலும், அந்த நிமிஷமே கிளம்பி வர வேண்டும். கடைசி வரியின் கீழ் டாக்டர் தன் கையால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

இதற்கு நடுவில்தான் சின்னவன் எர்மெக்கின் நிச்சயம் வந்து நின்றது. பெண் கோச்கோர் ஊர்க்காரி, பெயர் ஜிபெக். மாப்பிள்ளையின் தாய் தன் கையால் பெண்ணின் காதில் கம்மல் போட்டால்தான் நிச்சயம். நாள் ஆபரேஷனுக்கு முன்பே குறித்தது. தள்ளிப்போடலாம் என்று சைரகுல் சொன்னதற்குப் புருல்சா, "தள்ளிப்போட்ட கல்யாணமும் ஆறிப்போன ஷோர்போ சூப்பும் ஒண்ணு" என்று வாயை அடைத்துவிட்டாள். ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைப் பெண்ணின் தாய் அனார்கான் முறித்தவள். அந்தப் பையன் வீட்டில் யாருக்கோ வலிப்பாம். மண்டையில் கட்டி என்று தெரிந்தால் விடுவாளா? பிஷ்கெக்குக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டபோது புருல்சா கூசாமல் ஒரு பொய் சொல்லியிருந்தாள். பல் கட்டப் போனாளாம்.

காலையில் தங்கள் ஊரான பாலிக்சியை விட்டு வண்டி கிளம்பும்போதே ஏரிக் காற்று மண்ணை வாரி இறைத்தது. சைரகுல்லின் கணவன் தாலாய் ஓட்டினான். பக்கத்தில் அவன் அம்மா, வெள்ளை முக்காடு போட்டு, மடியில் கம்மல் பெட்டியோடு. பின்னால் சீர்ப் பெட்டிகளுக்கும் மூன்று தலையணைகளுக்கும் நடுவே சைரகுல்.

"அத்தை, அவங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடலாமே. ஆபரேஷன் ஆன உடம்புன்னு தெரிஞ்சா அவங்களே பாத்துப்பாங்க."

"சொல்லேன். தாராளமா சொல்லு. எங்க அத்தைக்கு மண்டைல கட்டின்னு தமுக்கு அடி. அப்புறம் எர்மெக்குக்கு நீயே போய் ஒரு பொண்ணைப் பிடிச்சுட்டு வா."

"பல்லு கட்டினதா சொல்லி வெச்சிருக்கீங்க. வாயைத் திறந்தா அதே பழைய ஓட்டைதானே தெரியும்?"

"நான் எதுக்குடி வாயைத் திறக்கறேன்?"

தாலாய் சிரித்துவிட்டான். "எங்கம்மா வாயைத் திறக்காத நாளு! அதையும் பாத்துடுவோம்."

"நீ ரோட்டைப் பாருடா."

புருல்சா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். "சத்தியம் பண்ணு பொண்ணே. அந்த வீட்டு வாசப்படிக்குள்ள ஆபரேஷன்ங்கற வார்த்தை உன் வாய்ல வரக் கூடாது."

சைரகுல் சத்தியம் பண்ணினாள். மருமகளாக வந்து நாலு வருஷத்தில் மாமியார் சொல்லி அவள் மறுத்தது எதுவுமில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஐந்து நாளும் அந்தச் சிங்கத்துக்கு ஸ்பூனால் ஊட்டியிருக்கிறாள். "எனக்குப் பார்வை வந்துடுமாடி?" என்று அது குழந்தை மாதிரி கேட்டதையும் கேட்டிருக்கிறாள். அதற்கு அப்புறம் மாமியார் எவ்வளவு திட்டினாலும் அவளுக்கு முன்பு மாதிரி உறைக்கவில்லை. பிரியம் வந்துவிட்டால் மனுஷிக்குத் தோல் தடித்துப் போகிறது.

அன்றைக்கு அவள் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். கைப்பையில் மலமிளக்கி மருந்து. கசிந்தால் தெரிய வேண்டும் என்று வெள்ளைக் கைக்குட்டைகளாக ஆறு. தட்டு தூக்கவோ பெட்டி தூக்கவோ அத்தை கை நீட்டினால் குறுக்கே பாய்வதற்குத் தானே. கடுகு போன இடமெல்லாம் ஆராய்ந்தவள், பூசணிக்காய் போன இடத்தைக் கோட்டை விட்டாள்.

அனார்கான் வீட்டு வாசலில் இறங்கியபோது, கதவுக்குப் பின்னாலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பாய்ந்தார்கள். கையில் மாவு.

சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினால் முகத்தில் மாவு அப்பாமல் உள்ளே விடுவதாவது! சைரகுல்லே போன வசந்தத்தில், தன் தங்கையின் நிச்சயத்துக்கு வந்த ஒரு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டரை மாவில் குளிப்பாட்டியவள். அவ்வளவு சாதாரணமான விளையாட்டு. அதனாலேயே அது அவள் கணக்கில் வரவில்லை.

"வேண்டாம், அத்தைக்கு வேண்டாம், எனக்குப் போடுங்க!" என்று முன்னால் ஓடினாள். சத்தத்தில் யார் காதில் விழும்? அவளுக்கும்தான் போட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, ஜிபெக்கின் சித்தி சாதாத் இரண்டு கை நிறைய மாவைப் புருல்சாவின் முகத்தில் அப்பித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லு கட்டின சம்பந்தியம்மா, எங்க, சிரிங்க பார்ப்போம்! புதுப் பல்லைக் காட்டுங்க!"

புருல்சாவின் மூக்கு விடைத்தது. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. சைரகுல்லுக்கு அந்த அறிகுறி நன்றாகத் தெரியும்.

"வாயைத் திறங்க அத்தை! வாயைத் திறங்க!"

எப்படித் திறப்பாள்? முன்வரிசையில் நாலு பல் இல்லாத வாய். எதிரில் புது சம்பந்தி வீடு முழுக்க, அவள் பல்லைப் பார்க்கக் காத்துக்கொண்டு நிற்கிறது. புருல்சா உதட்டை இறுக்கினாள், மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள், வந்த தும்மலை அப்படியே விழுங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கழுத்து நரம்பு புடைத்து, காது சிவந்துபோனது.

கைதட்டிச் சிரித்தார்கள். புருல்சாவும் உதட்டைத் திறக்காமலே சிரித்தாள்.

உள்ளே கம்பளத்தின் தலைமாட்டில், எல்லோருக்கும் மேலான இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். முன்னால் நீளமாக விரிப்பு. அதில் குவியல் குவியலாகப் போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகள், வெண்ணெய், ஜாம், உலர்ந்த பழங்கள், ரொட்டி. முகத்து மாவை யாரும் கழுவவில்லை. கழுவினால் விருந்தாளி கோபித்துக்கொண்டார் என்று ஆகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வெள்ளை முகத்தோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மருமகளானதால் சைரகுல்லுக்குக் கதவோரம்தான் இடம். அங்கிருந்து அவள் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மாமியாரின் மூக்கை.

பக்கத்தில் இருந்தவள் ஏதோ கேட்டாள். சைரகுல் தலையாட்டினாள். என்ன கேட்டாள் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்தக் கோடு தெரிந்தது. வலது மூக்குத் துவாரத்திலிருந்து மேலுதடு வரை, வெள்ளை மாவைக் கரைத்துக்கொண்டு ஒரு மெல்லிய ஈரக் கோடு. சளி என்றால் இப்படி ஓடாது, இவ்வளவு தெளிவாகவும் இருக்காது. புருல்சா புறங்கையால் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் கோடு மறுபடி வந்தது, அதே பக்கத்தில்.

சைரகுல் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தேநீர்க் கிண்ணம் நிரப்புகிற சாக்கில் எழுந்து போய் மாமியாரின் காதருகே உட்கார்ந்தாள்.

"அத்தை, மூக்கு ஒழுகுது."

"மாவு. ஜலதோஷம்."

"தொண்டைல உப்புக் கரிக்குதா?"

புருல்சா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "ஷோர்போல உப்பு ஜாஸ்தி."

ஷோர்போ இன்னும் அடுப்பை விட்டே இறங்கவில்லை.

சைரகுல் எழுந்தாள். கொல்லைப் பக்கம் போய், விறகு அடுக்குக்குப் பின்னால் நின்று பிஷ்கெக்குக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை டாக்டர் நஸிரா எடுத்தார்.

"யாரு? பேஷண்ட் பேரு?"

மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்கிற வழக்கம் அவர்களில் கிடையாது. "எங்க வீட்டுக்காரரோட அம்மா, டாக்டர்... கண்ணு தெரியாம நிலைல இடிச்சுக்கிட்டவங்க..."

"சரி, நீ சொல்ல மாட்ட. எந்தக் கட்டில்?"

"ஆறாம் வார்டு, ஜன்னலோரம்."

"ஆ, அந்தம்மாவா! என்ன பண்ணினாங்க?"

சொன்னாள். மாவு, மூன்று தும்மல், கோடு. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு பக்கம்தானா? எப்போ ஆரம்பிச்சது?"

"ஒரு பக்கம். இப்பதான், ஒரு மணி நேரம் இருக்கும்."

"தலைவலி? குளிர் காய்ச்சல்? வெளிச்சம் பட்டாக் கண்ணு கூசுதா?"

"தெரியல டாக்டர். தொடவே விட மாட்டேங்கறாங்க."

"நல்லாக் கேட்டுக்கோ. தண்ணி வெளிய வர்ற வழியாத்தான் கிருமி உள்ள போகும். மூளைக்கே போகும். அதனால இன்னைக்கே வரணும், நாளைக்குன்னு பேச்சே இல்ல. குனிய விடாதே. மூக்குல பஞ்சு கிஞ்சு எதுவும் அடைக்காதே, வழிஞ்சா வழியட்டும். வீட்டுல இருக்கற மாத்திரை எதையும் கொடுக்காதே. சாய்ஞ்ச மாதிரி உட்கார வெச்சுக் கூட்டிட்டு வா. பரிசோதனைக்குக் கொஞ்சம் சுத்தமான குப்பில பிடிச்சுட்டு வந்தா நல்லது. நான் இடம் ரெடி பண்றேன்."

"மறுபடி ஆபரேஷனா டாக்டர்?"

"குழாய் வெச்சா நிக்கலாம், உள்ள போய்த் திரும்ப ஒட்டவும் வேண்டியிருக்கலாம். பார்த்தாத்தான் தெரியும். முதல்ல வண்டில ஏத்து."

முற்றத்தில் தாலாய் நின்றுகொண்டிருந்தான். பெண் வீட்டு ஆண்கள் அவனைப் பிடித்து, பெரிய பூப்போட்ட பாவாடையைக் கட்டி, தலையில் முக்காடும் சுற்றிவிட்டு, படம் எடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்திகளுக்குள் இதுவும் ஒரு விளையாட்டு. சைரகுல் அவனைக் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டி ஓரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தைக்கு ஒட்டு விட்டுப்போச்சு. மூளைத் தண்ணி வழியுது. டாக்டர் இப்பவே கிளம்பச் சொல்லிட்டாங்க."

தாலாயின் முகம் மாவை விட வெளுத்தது. "நிஜமாவா?"

"விளையாட்டுக்கா சொல்றேன்?"

"சரி... சரி. கம்மல் மட்டும் போட்டுடட்டும். பத்து நிமிஷம். போட்டதும் கிளம்பிடலாம்."

"பொண்ணு கீழ உட்கார்ந்திருக்கும்ங்க. அத்தை குனிஞ்சுதான் போடணும்."

"அப்போ... நீயே அம்மாகிட்டச் சொல்லேன்."

"நான் மருமக. நீங்கதான் மகன்."

"மகன்ங்கறதாலதான் பயமா இருக்கு" என்றான் அவன், பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

வேறு நேரமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது அவனை இரண்டு அறை அறையலாம் போல இருந்தது. "வண்டியைத் திருப்பி வாசல்ல நிறுத்துங்க. இந்தப் பாவாடையை முதல்ல அவுருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அதற்குள் ஜிபெக்கைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். விரிப்புக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த மெத்தையில், மடியில் கை கோத்துத் தலை குனிந்து இருந்தாள். புருல்சா எழுந்து நின்று கம்மல் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். பெண்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"பொண்ணு எந்திரிச்சு நிக்கட்டும்" என்றாள் சைரகுல், கதவோரத்திலிருந்து.

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரியவர்கள் நடுவில் ஒரு மருமகள், அதுவும் வந்த இடத்தில், கேட்காமலே பேசுகிறாள்.

சாதாத் சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க ஊர்ல பொண்ணு உட்கார்ந்துதான் கம்மல் வாங்கும். பாலிக்சில காத்து ஜாஸ்தி, அங்க உட்கார முடியாது போல!"

சிரிப்பு எழுந்தது. புருல்சா மருமகளைப் பார்த்த பார்வையில் ஒரு ஆடு தானாக வெந்துவிடும். பார்த்துவிட்டு, கம்மலை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

ஜிபெக்கின் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. உடனே இன்னொன்று.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அத்தை, அழறீங்களா?"

"ஐயோ, அழறாங்க பாரு!" என்றாள் யாரோ. "ஆனந்தக் கண்ணீர்! இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும்!" நாலைந்து பேர் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புருல்சா மறுக்கவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. குனிந்தபடியே கம்மலைக் காதுக்குக் கொண்டுபோனாள். கொக்கி மாட்டவில்லை.

சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. சைரகுல் விரிப்பைத் தாண்டினாள்.

ரொட்டி இருக்கிற விரிப்பை யாரும் தாண்டுவதில்லை. தவழ்கிற பிள்ளையைக்கூடத் தாண்ட விடுவதில்லை. மூச்சை இழுத்துக்கொள்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் ஜாம் கிண்ணத்துக்கும் ரொட்டிக்கும் மேலே காலை எடுத்து வைத்து, மாமியாரின் இரண்டு தோளையும் பிடித்து நிமிர்த்தினாள்.

"இது கண்ணீர் இல்ல."

"வாயை மூடு" என்றாள் புருல்சா, பல்லைக் கடித்துக்கொண்டு. "சத்தியம் பண்ணிருக்க."

"பண்ணினேன். உடைக்கறேன். பாவம் எனக்கே வரட்டும்." பெண்ணின் தாயைப் பார்த்துச் சொன்னாள். "சம்பந்தியம்மா, எங்க அத்தைக்குப் பல்லு கட்டல. மூக்கு வழியா ஆபரேஷன் பண்ணி மூளைக்கு அடில இருந்த கட்டியை எடுத்தாங்க. இன்னைக்குப் பன்னிரண்டாம் நாள். வாசல்ல தும்மலை அடக்கினதுல ஒட்டு விட்டுப்போச்சு. இந்தச் சொட்டு மூளையைச் சுத்தி இருக்கற தண்ணி. இப்பவே பிஷ்கெக் போகலைன்னா கிருமி மேல ஏறிடும். நான் உங்க விரிப்பைத் தாண்டிட்டேன், அதுக்கு மன்னிச்சுக்குங்க. அதுக்கு மட்டும்தான் மன்னிப்புக் கேக்கறேன்."

தூக்கிப் பிடித்த போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அனார்கான் கோச்கோர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற முகம். எழுந்து வந்து புருல்சாவின் முகத்தை, அந்த மாவை, அதில் ஓடிய கோட்டைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"பல்லுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்." புருல்சா இனி மறைக்க ஒன்றுமில்லாத வாயை நன்றாகவே திறந்தாள். "வேற என்ன சொல்றது? முதல்ல வந்த சம்பந்தத்தை வலிப்புன்னு தெரிஞ்சதும் துரத்தினீங்களே!"

"வலிப்புக்காகத் துரத்தல" என்றாள் அனார்கான். "மறைச்சதுக்காகத் துரத்தினேன்."

புருல்சா கையிலிருந்த கம்மலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சைரகுல்லுக்கு மாமியார் மேல் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் விட வாசலில் வண்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லையே என்று இருந்தது.

சாதாத் சித்தி தட்டும் கையுமாக ஓடி வந்தாள். மாவு போட்டது தான் என்ற பயத்தில் அவள் கண்ணில் நிஜமாகவே கண்ணீர். "ஆட்டு வால்கொழுப்பு, சூடா இருக்கு. ஒரு துண்டு மூக்குல வெச்சு அடைச்சா நின்னுடும்..."

"எதையும் அடைக்கக் கூடாது சித்தி. ஒரு சுத்தமான குப்பி இருந்தாக் கொடுங்க. வெந்நீர்ல கழுவினது."

சித்தி குப்பிக்கு ஓடினாள். அப்போது யாரும் எதிர்பாராமல் ஜிபெக் எழுந்து நின்றாள். புருல்சாவை விட அரை முழம் உயரம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, காது புருல்சாவின் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரி நின்றுகொண்டாள்.

"போடுங்க அத்தை. குனிய வேண்டாம்."

புருல்சா அவளையே பார்த்தாள். இப்போது வழிந்ததில் எது கண்ணீர், எது மற்றது என்று டாக்டர் நஸிராவாலும் பிரிக்க முடிந்திருக்காது. வலது காதில் கொக்கி மாட்டிக்கொண்டது.

இரண்டாவது கம்மலை எடுக்கப் போன கையை அனார்கான் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு போதும்."

"சம்பந்தி..."

"இந்தக் கம்மலை எம்பொண்ணு கழட்ட மாட்டா. இன்னொண்ணு பெட்டிலயே இருக்கட்டும். போடறதா வேண்டாமான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. யோசிக்கணும். நீங்க முதல்ல உயிரோட இருங்க, அப்புறம் நாம சண்டை போட்டுக்கலாம்." சைரகுல் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் நின்னுட்டிருக்க? கூட்டிட்டுப் போ."

மூன்று தலையணையும் முதுகுக்கு வைத்து, பின் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தாள். முன் சீட்டை விட்டு மாமியார் பின்னால் வந்ததே இல்லை. இன்றைக்கு எதிர்த்துப் பேசாமல் வந்தாள். தாலாய் வண்டியை விரட்டினான். அவன் கழுத்தில் அந்தப் பெண் முக்காடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அணைக்கட்டைத் தாண்டினார்கள். பாலிக்சியையும் தாண்டினார்கள், வீட்டுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சைரகுல் குப்பியை மாமியாரின் மூக்கடியில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அவள் தலை ஆடாமல் இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு வந்தாள். குப்பியில் கால் விரற்கடை சேர்ந்திருந்தது. ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது, பார்த்தால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

பூம் பள்ளத்தாக்கில் இறங்கும்போது புருல்சா முதல் தடவையாகப் பேசினாள்.

"நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட."

"ஆமா அத்தை."

"விரிப்பைத் தாண்டிட்ட."

"ஆமா."

"வீட்டுக்குப் போய் வெச்சுக்கறேன் உன்னை."

"வெச்சுக்குங்க அத்தை. வீட்டுக்கு வந்து என்ன வேணா செய்ங்க." சொல்லும்போதே சைரகுல்லுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு மணி நேரத்துலயே கண்டுபிடிச்சுட்டோம்ல. டாக்டர் சரி பண்ணிடுவாங்க."

புருல்சா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே ஆறு பாறையில் மோதி நுரைத்துக்கொண்டு வந்தது. வெளியே சித்திரை மாதிரி வெயில். வெளிச்சம் பட்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஒரு மணி நேரம் இல்லடி."

"என்ன அத்தை?"

"மூணு நாளா."

குப்பி சைரகுல்லின் கையில் நின்றுவிட்டது.

"மூணு நாளா, படுத்தா தொண்டைல இறங்கும். உப்பா இருக்கும். முழுங்கிடுவேன். சொன்னா நீ பிஷ்கெக்னு குதிப்ப. கம்மலைப் போட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

டாக்டரிடம் ஒரு மணி நேரம் என்று சொன்னது சைரகுல்தான். பக்கத்துப் படுக்கையில் படுத்து, மூச்சுச் சத்தத்தைக் கூட எண்ணிக்கொண்டு கிடந்ததும் இவள்தான். மூன்று நாள் அது இவள் காதருகே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

முன்னால் தாலாய் கண்ணாடியில் பார்த்தான். வண்டி வேகம் கூடியது.

திட்டலாமா, போனை எடுக்கலாமா என்று தெரியாமல் சைரகுல் வாயைத் திறந்தாள். அதற்குள் புருல்சா தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அந்த ஜன்னலை மூடு பொண்ணே. குளிருது."

ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தது.